சிவப்புப் பெட்டியைத் திறந்தால்

ஏப்ரல் 2

என் அருமை நாத்தனாரே,

நேற்று போனில் நீ போட்ட சத்தத்தில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. டாக்டரம்மா போனைப் பிடுங்கி உன் அண்ணன் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பிரசவம் ஆகும்வரை அண்ணியும் நாத்தனாரும் பேசவே கூடாது, வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. எழுத்தில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பைகள் கொண்டுவரும் வண்டியின் டிரைவர்தான் இனி நமக்குத் தபால்காரர். மனிதர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். பிரித்துப் படிக்க மாட்டார் என்று நம்புவோம்.

முதலில் நல்ல சேதி. இரண்டு பிள்ளைகளும் நல்ல எடை. ஒன்று உதைத்தால் மற்றது உடனே திருப்பி உதைக்கிறது, அப்படியே அத்தை குணம். ஆபரேஷன் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலையில் முதல் கேஸ். இத்தனை வருஷம் நான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய அதே மேசையில் நானே படுக்கப்போகிறேன். எனக்குச் சிரிப்பு வருகிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வயிறு கைக்கு அடங்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டரே கல்யாண வீடுபோல் இருக்கிறதாம். டாக்டரம்மா தன் ராசியான கிழிந்த பச்சைத் தொப்பியைத் துவைக்கப் போட்டிருக்கிறார். மயக்க டாக்டர் அந்த ஒரே பழைய பாட்டைத்தான் போடுவார், நடுவில் நிறுத்தினால் ஆகாது. சிட்டு இருக்கிறாளே, எனக்குக் கீழே வேலை பார்க்கும் சின்ன நர்ஸ், ஆள் குட்டை, நடை குடுகுடு, அவள் அன்றைக்கு யாரும் 'வேலை கம்மி' என்றோ 'கடைசி கேஸ்' என்றோ வாய் தவறியும் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள்.

இப்போது நம் சண்டைக்கு வருகிறேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பையின் வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது, ரத்தம் அதிகம் போகலாம் என்பது எனக்கும் தெரியும். அதற்காகச் சிவப்புப் பெட்டியை முன்கூட்டியே திறந்து வைக்கச் சொல்கிறாயே, அது மட்டும் முடியாது. ரத்தம் நிற்காமல் போனால் நிறுத்துவதற்கான சாமான்கள் அதில் இருக்கின்றன. அது பெட்டிக்குள் இருக்கும்வரைதான் நமக்கு நல்லது. உங்கள் தியேட்டரில் ஒன்றாக வேலை பார்த்தபோது நாம் இருவரும் கண்ணால் பார்த்தோமே, திறந்து வைத்த நாளெல்லாம் ரத்தம் குழாய்போல் கொட்டியது. பெட்டியைத் திறப்பது ஆபத்தைக் கூப்பிடுவதுபோல், கூப்பிட்டால் வந்துவிடும். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததும் நான் போட்ட முதல் சட்டமே அதுதான்.

கோபப்படாதே. எழுது.

உன் அண்ணி

ஏப்ரல் 3

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

ஒரே தியேட்டரில் வாடி போடி என்று திரிந்த சிநேகிதியை என் அண்ணனுக்குக் கட்டிவைத்து, என் வாயாலேயே 'அண்ணி, நீங்க' என்று சொல்லும்படி செய்துகொண்டது நான்தான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். ஆகவே மரியாதையோடே ஆரம்பிக்கிறேன். எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியவில்லை.

நீங்கள் இங்கே இருந்த காலத்தில் பெட்டி திறந்த நாளெல்லாம் ரத்தம் கொட்டியது, உண்மை. கொட்டும் என்று தெரிந்த கேஸுக்குத்தானே அப்போது திறந்தார்கள்? சாதாரணக் கேஸுக்கு யார் திறந்தார்கள்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இல்லை இது. பழம் விழப்போகிறது என்று தெரிந்து கூடையோடு போய் நின்றவனைப் பார்த்து, நீதான் பழத்தை விழவைத்தாய் என்கிறீர்கள்.

நீங்கள் போன பிறகு இங்கே எல்லாம் மாறிவிட்டது. எல்லாப் பிரசவ ஆபரேஷனுக்கும் பெட்டியைத் திறந்து வைக்கிறோம். திறப்பது என் வேலை. முத்திரையை உடைக்க வேண்டும், துணி விரிக்க வேண்டும், இடுக்கிகளை வரிசைப்படுத்த வேண்டும், ஊசியில் நூல் கோக்க வேண்டும், கருப்பைக்குள் வைத்து ஊதும் பலூனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது, டாக்டர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது செய்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கிறீர்கள். என் பக்கத்தில் நின்றுதான் பார்த்தீர்கள். ஊசிக் காதில் நூல் நுழையாமல் உங்கள் கை ஆடியது எனக்கு மறக்கவில்லை.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று உலகமே சொல்லுகிறது. அணை போட்டால்தான் வெள்ளம் வரும் என்று சொல்லும் ஒரே ஆள் நீதான்டி. மரியாதை போய்விட்டது, மன்னிக்கவும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன், அவனுக்கு இருப்பது ஒரே பெண்டாட்டி, எனக்கு இருப்பது ஒரே சிநேகிதி. கடைசி இரண்டும் ஒரே ஆள் என்பதால் எனக்கு இரட்டைப் பயம். பெட்டியைத் திறக்கச் சொல்.

நாத்தனார்

ஏப்ரல் 5

நாத்தனாரே,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். உன் அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு ஸ்கேனுக்கு என்னைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். எங்கள் தியேட்டர் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். கதவு திறந்திருந்தது. மல்லாந்து படுத்துப் பார்த்தால் ஒரு இடம் எப்படி மாறிப்போகிறது தெரியுமா? நின்றுகொண்டு பார்த்தவரைக்கும் என் கண்ணில் படாதது அப்போது பட்டது. சிவப்புப் பெட்டி அலமாரியின் உச்சியில், சலைன் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. கண்ணில் பட்டாலே ஆகாது என்று நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வேலையில் நிற்கப்போவது சிட்டு. அவள் உயரத்துக்கு ஸ்டூல் இல்லாமல் எட்டாது. அந்த ஸ்டூலை மருந்தறையில் ஃபேன் துடைக்க எடுத்துப்போயிருக்கிறார்கள். சிட்டு ஸ்டூலைத் தேடி ஓடுவதை நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல் மனதில் ஒரு படம் ஓடியது. வயிற்றில் இருவரும் அப்போது பார்த்து உதைத்தார்கள்.

சரி, நீ ஜெயித்தாய். சந்தோஷம்தானே? ஆனால் கேள், இனிமேல்தான் வேடிக்கை.

சிட்டுவைக் கூப்பிட்டு, பெட்டியை இறக்கு, வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாகத் திற என்றேன். "வேற யாருக்குன்னாலும் தொறக்குறேன் சிஸ்டர். உங்களுக்குன்னா அதைத் தொடவே மாட்டேன்," என்று அழ ஆரம்பித்துவிட்டாள். உத்தரவாகச் சொன்னேன். நோயாளியின் உத்தரவு தியேட்டரில் செல்லாது என்கிறாள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். டாக்டரம்மாவிடம் சொன்னேன். 'பார்த்துக்கலாம்' என்றார். டாக்டர் 'பார்த்துக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். ஆஸ்பத்திரி ஆளுக்கு ஆபரேஷன் என்றாலே ஏதாவது கோணலாகும் என்ற பயம் அவருக்கும் உண்டு, அதற்கு மேல் பெட்டியும் எதற்கு என்று நினைக்கிறார். யாரும் என்மேல் அக்கறை இல்லாமல் இதைச் செய்யவில்லை. என்மேல் உயிரை வைத்திருக்கிறார்கள், அதனால்தான் திறக்க மாட்டேன் என்கிறார்கள். நான் நட்ட மரம், என்னாலேயே பிடுங்க முடியவில்லை.

என்ன செய்யட்டும், சொல்.

அண்ணி

ஏப்ரல் 6

அண்ணி,

வண்டி கிளம்பப் போகிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன்.

நியாயம் பேசிப் பயனில்லை. உங்கள் ஆட்களுக்கு நியாயம் வேண்டாம், ராசி வேண்டும். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். இரவெல்லாம் யோசித்து ஒரு புது மூடநம்பிக்கை தயாரித்திருக்கிறேன். ஆமாம், நான்தான். சிரித்துக்கொள்ளுங்கள்.

அது இதுதான்: பெரிய ஆஸ்பத்திரியில், அதாவது எங்கள் ஆஸ்பத்திரியில், தியேட்டர் ஆள் யாராவது மேசையில் படுத்தால் சிவப்புப் பெட்டியை முன்னாலேயே திறந்து வைத்துவிட வேண்டும். திறந்து வைத்த பெட்டி சும்மாவே கிடக்கும். குடை எடுத்துப்போன அன்றைக்கு மழை பெய்யாதே, அதுபோல. மூடி வைத்தால்தான் பெட்டிக்குக் கோபம் வரும். எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் இது இதுவரை பொய்த்ததில்லை.

இதை நீங்கள் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் எழுதினாலும் நம்ப மாட்டார்கள். டிரைவர் சொன்னால் நம்புவார்கள். அவரிடம் பரம ரகசியம் என்று சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டேன். நாளைக்குள் உங்கள் ஆஸ்பத்திரி முழுவதும் தெரிந்துவிடும்.

நாத்தனார்

ஏப்ரல் 9

என் தங்கமே,

உன் டிரைவருக்கு ஒரு மாலை போட வேண்டும். நீ அனுப்பிய குட்டிப் பொய்க்குக் கண், மூக்கு, காது எல்லாம் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

காலையில் சிட்டு குடுகுடுவென்று வார்டுக்கு ஓடிவந்தாள். எனக்கு ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸுக்குப் பெட்டியைத் திறக்காமல் விட்டு என்ன கதி ஆனது என்று கண்ணில் தண்ணீரோடு சொன்னாள். அப்படி ஒரு நர்ஸ் இருந்தாளா? நீ எழுதவில்லையே. டிரைவரின் சொந்தச் சரக்கு என்று நினைக்கிறேன். மேலும் பெட்டியைத் திறப்பவர் தியேட்டரிலேயே வயதில் சின்னவராக இருக்க வேண்டுமாம், தொப்பியை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாற்றிப் போட்டிருக்க வேண்டுமாம், திறந்த பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். திரும்பிப் பார்க்காமல் எப்படிச் சாமானை எடுப்பது? கடைசி விதி வேறு ஆஸ்பத்திரிக்கானது, டிரைவர் குழப்பிவிட்டார் என்று சொல்லி அதை மட்டும் வெட்டிவிட்டேன். சிட்டு யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

பெட்டி இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கும். டாக்டரம்மாகூடத் தடுக்கவில்லை. சின்னவள்தானே திறக்கப்போகிறாள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம், படித்த மனுஷி.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் இத்தனை சந்தோஷமாக என் வாழ்நாளில் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே. இரண்டு முகங்களைப் பார்க்கப்போகிறேன் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை. அதே அளவுக்குப் பயமாகவும் இருக்கிறது. பார்க்காமல் போய்விடுவேனோ என்று.

அண்ணி

ஏப்ரல் 11

அண்ணி,

நாளைக்கு நான் வரவில்லை. இங்கே ஆள் குறைவு, லீவு கிடைக்கவில்லை என்பது உண்மை. கிடைத்திருந்தாலும் அண்ணன் வரவேண்டாம் என்கிறான். தியேட்டர் வாசலில் நின்றால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவேனாம். என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

இன்றைய வண்டியில் வரும் ரத்தப் பைகள் உங்களுக்கானவை. நானே ரத்த வங்கிக்குப் போய் ஒவ்வொரு பையிலும் ஒட்டியிருந்த பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்து வண்டியில் ஏற்றினேன். டிரைவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

போய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நாத்தனார்

ஏப்ரல் 16

அண்ணி,

அண்ணன் போனில் அழுததில் பாதிதான் எனக்குப் புரிந்தது. பெண், பிறகு பையன். இரண்டு பேரும் நன்றாகக் கத்தினார்கள். அதன் பிறகு உங்களுக்கு ரத்தம் நிற்கவில்லை. பெட்டியிலிருந்த பலூனை வைத்து, வண்டியில் வந்த பைகளையெல்லாம் ஏற்றி நிறுத்தினார்கள். இப்போது கஞ்சி குடிக்கிறீர்கள், உட்காருகிறீர்கள், அவனைத் திட்டுகிறீர்கள். திட்டினீர்கள் என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். அத்தை ஆகிவிட்டேன் என்று முன்பின் தெரியாத நோயாளியிடம்கூடச் சொன்னேன்.

அடுத்த நாள் டிரைவர் வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "உங்க பெட்டி ஏமாத்திருச்சேம்மா. தொறந்ததாலதான் ரத்தம் கொட்டுச்சுன்னு அங்க எல்லாரும் பேசிக்கிறாங்க," என்றார். நான் சிரித்தேன். முட்டாள்தனம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை என் தியேட்டரில் பிரசவ ஆபரேஷன். பெட்டி முன்னால் இருக்கிறது. முத்திரையை உடைக்க வேண்டும், தினமும் செய்கிற வேலை. கை போகவில்லை. உன் முகம்தான் தெரிந்தது. திறக்கச் சொன்னது நான். அடம் பிடித்தது நான். பொய் சொல்லித் திறக்கவைத்ததும் நான். அப்படி எல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பக்கம் பக்கமாக எழுதியவளே நான்தானே. தெரிந்தும் கை போகவில்லை. பிறகு திறக்கலாம் என்று மூடியபடியே விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த கேஸுக்கும் திறக்கவில்லை, அதுவும் நல்லபடியாக முடிந்தது. அதுதான்டி எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கும் திறக்க மாட்டேன் என்று எனக்கே தெரிகிறது.

என்னை என்ன செய்யலாம், சொல்.

ஏப்ரல் 18

என் சிநேகிதியே,

நாத்தனார் என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை. ஒரு கையில் உன் மருமகள் தூங்குகிறாள், மறு கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சிட்டுவும் இதையேதான் சொன்னாள். கட்டில் பக்கத்தில் நின்று, நான் திறந்ததால்தானே சிஸ்டர் இப்படி ஆனது என்று விசும்பினாள். நான் அவளிடம் விவாதம் செய்யவில்லை. உன்னிடமும் செய்யப்போவதில்லை. நான் உயிரோடு படுத்துக்கொண்டு நியாயம் பேசினால் ஒருத்தியும் கேட்க மாட்டாள், நான் செத்திருந்தால் பேச ஆளே இருந்திருக்காது. அதனால் அவளிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். மேசையில் எனக்கு என்ன கேட்டதோ, அதை மட்டும்.

முதுகில் ஊசி போட்டதால் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். முகத்துக்கு நேரே துணி, மேலே விளக்கு. முதலில் உன் மருமகள் கத்தினாள். அப்புறம் உன் மருமகன். இருவரையும் கன்னத்தில் வைத்துக் காட்டினார்கள், ஈரமாக, சூடாக. நான் உரக்கச் சிரித்தேன் என்று மயக்க டாக்டர் சொல்கிறார். அப்புறம் அவர் பாட்டை நிறுத்தினார். நடுவில் நிறுத்தவே கூடாத அந்தப் பாட்டை அவரே நிறுத்தினார். டாக்டரம்மாவின் குரல் சன்னமானது. அவர் கத்தும்வரைக்கும் பயமில்லை, சன்னமாகப் பேசினால்தான் பயம், நம் இருவருக்கும் அது தெரியும். உறிஞ்சும் குழாயின் சத்தம் நிற்காமல் கேட்டது. அதில் போவது என் ரத்தம் என்று எனக்குத் தெரிந்தது.

நான் ஒரே ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். தியேட்டரில் இத்தனை வருஷம் நின்றதில் நான் மிகவும் பயந்த சொல் அதுதான். ரத்தம் கொட்டும்போது யாராவது ஒருவர் கேட்பார்களே, 'எங்கே?' என்று. பலூன் எங்கே, இடுக்கி எங்கே, பெட்டி எங்கே, ஸ்டூல் எங்கே. அந்தச் சொல் வந்துவிட்டால் எல்லோருடைய கையும் ஆட ஆரம்பித்துவிடும். அது வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வரவில்லை. டாக்டரம்மா ஒன்றைக் கேட்பார், அது அவர் கையில் போய் விழும் சத்தம் கேட்கும். கேட்பார், விழும். தொப்பியை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தக் குட்டைப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் கண்ணை மூடாமல் கிடந்தேன். பிழைத்துவிடுவேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அவர்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே.

இதைச் சொன்னதும் சிட்டு அழுகையை நிறுத்தினாள். நம்பினாளா என்று தெரியாது. ஆனால் நேற்றுக் காலைக் கேஸுக்கு யாரும் சொல்லாமலேயே பெட்டியைத் திறந்திருக்கிறாள். கை நடுங்கியதாம். நடுங்கட்டும், திறந்தாளே.

நாளைக்கு உன் மேசையில் யாரோ ஒருத்தி படுத்திருப்பாள். அவள் நர்ஸாக இருக்க மாட்டாள். பெட்டி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது, உன்னையும் தெரியாது. விளக்கைப் பார்த்துக்கொண்டு, என்னைப்போலவே ஒரு முகத்தைப் பார்க்கக் காத்துக்கொண்டு கிடப்பாள். நீ பயந்துகொண்டே போ. பயந்துகொண்டே முத்திரையை உடை. அவள் காதில் அந்தச் சொல் விழக் கூடாது.